கடைசி வாளி

வெந்நீர் காலை ஆறு மணிக்கு வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும்.

விடுதியின் பின்கட்டில் பாய்லர் இருந்தது. அதிலிருந்து இரண்டு குழாய்கள். அறுபத்து நான்கு பெண்கள். ஆளுக்கு ஒரு வாளி.

வரிசையில் யாரும் நிற்பதில்லை. வாளிதான் நிற்கும். ஐந்தரைக்கு இறங்கி வந்து வாளியை வைத்துவிட்டு, போய் மறுபடி படுத்துக்கொள்ளலாம். பாய்லர்காரர் முன்னால் இருக்கும் வாளியை நிரப்பி ஓரமாகத் தள்ளுவார், அடுத்ததை இழுப்பார். எந்த வாளி யாருடையது என்பதில் தகராறு கிடையாது. அறை எண்ணும் கட்டில் எழுத்தும் சிவப்புப் பெயிண்டில் இருக்கும். எழுதியவரும் அவர்தான்.

வார்டன் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் டீ, ஒரு கையில் நோட்டு, படியில் உட்கார்ந்திருப்பார். அதுதான் வருகைப் பதிவு. முன்பு கையெழுத்து நோட்டு இருந்தது. ஒருத்திக்காக இன்னொருத்தி போட்டாள். ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தவளின் கையெழுத்து ஏழு நாளும் ஏழு விதமாக இருந்தது. அன்றைக்கு வார்டன் நோட்டை மூடினார்.

"கையெழுத்து பொய் சொல்லும். வாளி சொல்லாது" என்றார்.

குளிர் மாதத்தில் வெந்நீரை விட்டுக்கொடுப்பவள் உலகத்தில் இல்லை. ஒருத்தி இரண்டு வாளி தூக்கினால் பின்னால் இருப்பவள் சும்மா விடமாட்டாள். அதனால் வாளிக் கணக்கே ஆள் கணக்கு.

இருபத்து மூன்றாம் அறையில் இரண்டு பேர். இருவருக்கும் கடைசி வருடம்.

23-அ கட்டிலில் இருந்தவளை எல்லாரும் அலாரம் என்றார்கள். கடிகாரம் இல்லாமல் ஐந்தேகாலுக்கு எழுந்துவிடுவாள். எழுந்தால் சும்மா இருக்கமாட்டாள். மாடி முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டு போவாள். அவள் வாளிதான் வரிசையில் முதல் வாளி.

23-ஆ கட்டிலில் ஆமை. குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். வெளியே நிற்பவர்கள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு ஒரு நாள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஆமையே ஒரு முடிவுக்கு வந்தாள். தன் வாளியைக் கடைசியில் வைத்தாள். எல்லாரும் குளித்து முடித்த பிறகு குளியலறை அவளுடையது. இரண்டு வருடமாக வரிசையின் முதல் வாளியும் கடைசி வாளியும் ஒரே அறையிலிருந்து வந்தன.

முதல் வருடம் இருவரும் ஆறு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். காரணம் ஜன்னல். அலாரத்துக்குக் காற்று வேண்டும். ஆமைக்குக் குளிர் ஆகாது. ஏழாம் நாள் ஆமை தன் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை ஜன்னல் கதவுக்கு நடுவில் சொருகினாள். ஒரு சாண் திறப்பு.

"இதுக்கு மேல திறந்தா நான் செத்துடுவேன். இதுக்குக் கீழ மூடினா நீ செத்துடுவ" என்றாள். "இந்த அளவுல ரெண்டு பேரும் அரை உசுரா இருக்கலாம்."

செருப்பு அங்கேயே இருந்துவிட்டது. இன்னொரு செருப்பு என்ன ஆயிற்று என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை ஆமைக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. ஆமை மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு கிளம்பினாள். வாளியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"என் துண்டு கொடியில கிடக்கு. காஞ்சதும் எடுத்து வை."

"எப்ப காயறது, உன் துண்டாச்சே" என்றாள் அலாரம்.

ஆமை சிரித்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சுடி. ஆனா எழுந்திரிக்கக் கூடாதாம். பக்கத்துலயே ஆள் வேணும். அப்பா லாரியோட போயாகணும், வண்டி நின்னா சோறு நின்னுடும். தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணி ஒழுங்கா கொடுக்கத் தெரியல."

"வேற யாரும் இல்லையா?"

"சித்தி வர்றாங்க. அவங்க பொண்ணுக்குப் பரீட்சை முடியணும். இன்னும் மூணு வாரம்."

அலாரம் விரலில் நாள்களை எண்ணினாள்.

"பதினஞ்சு நாள் ரூல் இருக்குல்ல" என்றாள் ஆமை.

"இருக்கு."

"அப்பா சொல்லிட்டார். ஹாஸ்டல்ல இடம் இருக்கற வரைக்கும் படி. இடம் போச்சுன்னா வந்துடு, வெளிய ரூம் எடுத்தெல்லாம் தங்க வேணாம்னுட்டார். கோபமா சொல்லல. அதான் பயமா இருக்கு. கோபமா சொன்னா நாலு நாள்ல மாறிடுவார்."

விடுதி விதி எளியது. கிளம்பிய நாளிலிருந்து பதினைந்து நாள் ஒரு கட்டில் காலியாக இருந்தால், அது காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவளுக்குப் போகும். காரணம் கேட்கமாட்டார்கள். கேட்க ஆரம்பித்தால் எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கும்.

பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். ஆமைக்குப் படிப்பு முடிய ஐந்து மாதம் இருந்தது.

நான்காம் நாள் காலை அலாரம் கட்டிலுக்கு அடியிலிருந்து 23-ஆ வாளியை இழுத்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். தன் வாளியை முதலில் வைத்தாள். அதை ஒட்டி ஆமையின் வாளி.

வார்டன் வந்தார். உட்கார்ந்தார். பாய்லர்காரர் இரண்டையும் நிரப்பி ஓரமாகத் தள்ளினார். வார்டனின் பேனா இரண்டு முறை அசைந்தது.

அலாரம் முதலில் தன் வாளியைத் தூக்கிப் போனாள். திரும்பி வந்து, கூட்டம் சேர்ந்த பிறகு, இன்னொன்றைத் தூக்கினாள். மாடிப்படியில் ஒருத்தி கேட்டாள்.

"என்னடி, ஆமைக்கு வேலைக்காரி ஆயிட்டியா?"

"எழுந்திரிக்கமாட்டேங்கறா. என்ன பண்றது" என்றாள் அலாரம். பொய் சுலபமாக வந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஒரு வாளி வெந்நீரில் குளித்தாள். இன்னொரு வாளி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. கீழே ஊற்ற மனம் வரவில்லை.

குளியலறைக் கோடியில் பச்சைத் தண்ணீர்க் குழாயின் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தோளில் துண்டு. கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. குழாயைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

"ஏய், குளிச்சிட்டியா?"

"இல்லக்கா. தைரியம் வரட்டும்னு நிக்கிறேன்."

அவளை அலாரத்துக்குத் தெரியும். முதல் வருடம். பெயர் வெயிட்டிங். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டரை மணி நேரம் பஸ். நான்கு மாதம் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி ஒரு நாள் விழுந்து உதடு கிழிந்த பிறகு, வார்டன் அவளைப் பெட்டி அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாருடைய டிரங்குப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும் அறை அது. கட்டில் இல்லாதவளுக்கு வாளி கிடையாது.

"இங்க வா. இது சூடா இருக்கு. எடுத்துக்க."

"யாருதுக்கா?"

"என் ரூம்மேட்டோடது. அவளுக்கு இன்னைக்கு வேணாமாம்."

வெயிட்டிங் வாளியைப் பார்த்தாள். சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து, முதல் குவளை விழுந்ததும், "அம்மாடி" என்று ஒரு சத்தம் வந்தது.

மறுநாளும் தண்ணீர் இருந்தது. அதற்கு மறுநாளும்.

வெயிட்டிங் நன்றி சொல்வதில்லை. குளித்துவிட்டு வாளியைக் கழுவி, கவிழ்த்து, 23 வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, கையைக் காட்டுங்க."

அலாரம் காட்டினாள். கைப்பிடிக் கம்பி பட்ட இடம் சிவந்திருந்தது. மறுநாள் இரண்டு வாளிக் கம்பியிலும் பழைய துணி சுற்றித் தைத்திருந்தது. தையல் நெருக்கமாக இருந்தது.

"எப்ப தச்ச?"

"அப்பா டெய்லர்க்கா. சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்கும்."

அன்று முதல் இருவரும் காலையில் சேர்ந்து தலை உலர்த்தினார்கள். இருபத்து மூன்றாம் அறையின் ஜன்னலில் வெயில் ஏழரைக்கு வரும். வெயிட்டிங் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஆமையின் கட்டிலில் ஒரு நாளும் உட்காரவில்லை. ஜன்னலில் இருந்த செருப்பைப் பார்த்து, "இது என்னக்கா?" என்று கேட்டாள். அலாரம் சொன்னாள்.

"அவங்க இல்லாதப்ப முழுசாத் திறந்துக்கலாமே."

அலாரத்துக்கு அது தோன்றவே இல்லை. எழுந்து செருப்பை எடுத்தாள். ஜன்னல் முழுவதும் திறந்தது. காற்று நிறைய வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். மறுபடி செருப்பைச் சொருகினாள்.

வெயிட்டிங் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையைத் துவட்டினாள்.

பத்தொன்பதாம் நாள் மாலை வார்டன் இருபத்து மூன்றாம் அறைக்கு வந்தார். அவர் மாடி ஏறுவதில்லை, முழங்கால் வலி. ஏறி வந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அலாரம் எழுந்து நின்றாள்.

வார்டன் ஆமையின் கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையைத் தடவிப் பார்த்தார். மடிப்பு கலையாமல் இருந்தது. மடிப்பின் மேல் லேசான தூசி.

"எங்க அவ?"

"லைப்ரரிக்கு..."

"வேணாம். ஒண்ணு சொன்னா அதைக் காப்பாத்த இன்னும் ஒன்பது சொல்லணும். உட்காரு."

அலாரம் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா அந்த வாளியைப் பார்க்கிறேன். அது வந்தாத்தான் நான் நோட்டை மூடுவேன். அறுபதுக்கு முன்னால அது நின்னு நான் பார்த்ததே இல்லை. இப்ப பதினாறு நாளா ரெண்டாவதா நிக்குது. உன் வாளியை ஒட்டி. கைப்பிடியில ஒரே துணி. அக்கா தங்கச்சி மாதிரி."

அலாரத்தின் முகம் சிவந்தது. கடைசியில் வைத்திருக்க வேண்டும். அது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் இரண்டு வாளியைத் தூக்கி வருவாள். ஒன்றை முன்னால் வைத்துவிட்டு இன்னொன்றைத் தனியாகக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்க ஒரு நாளும் கை வரவில்லை.

"அவ அம்மாவுக்கு இடுப்பு எலும்பு மேடம். சித்தி வர இன்னும் அஞ்சு நாள். ஆறாம் நாள் இங்க இருப்பா. இந்த இடம் போச்சுன்னா அவ அப்பா படிப்பை நிறுத்திடுவார்."

"தெரியும். அந்த அம்மாவை நான் போன்ல விசாரிச்சேன்."

"அப்புறம்..."

"பதினொரு பேரோட அம்மா அப்பாவும் எனக்குப் போன் பண்றாங்கம்மா. ஒவ்வொருத்தர் வீட்லயும் ஒரு எலும்பு உடைஞ்சுதான் இருக்கு. கிளம்பின நாள்லேர்ந்து இன்னையோட பத்தொன்பது. நாலு நாள் எனக்குத் தெரியாத மாதிரியே இருந்தேன். இதுக்கு மேல இருந்தா லிஸ்ட்ல இருக்கறவ முகத்தை நான் பார்க்க முடியாது. அவ கீழ பெட்டிங்களுக்கு நடுவுல படுத்திருக்கா."

"அவ வேணாம்னு சொல்லிட்டா?"

"அடுத்தவளுக்குப் போகும். அவளும் வேணாம்னா அதுக்கு அடுத்தவ. பதினொரு பேரும் வேணாம்னு சொல்ற அளவுக்கு உன் ஃப்ரெண்டு என்ன புண்ணியம் பண்ணியிருக்கா?"

வார்டன் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார்.

"நாளைக்குக் காலையில போர்டுல போட்டுடுவேன். உன்னைப் பத்தி எதுவும் எழுதல. வாளி தூக்கினது குத்தம்னு எந்த ரூல்லயும் இல்லை."

அலாரம் கீழே போனாள். பெட்டி அறையின் கதவு திறந்திருந்தது. வெயிட்டிங் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து இன்னொரு பெட்டியின் மேல் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பாய் சுருட்டி மூலையில் நின்றது. துணிகள் ஒரு பெட்டியின் பூட்டில் தொங்கின. அந்த அறையில் ஜன்னல் இல்லை என்பதை அலாரம் அன்றுதான் கவனித்தாள்.

"என்னக்கா?"

என்ன கேட்பது? வேண்டாம் என்று சொல்லு என்றா? அடுத்தவளிடமும் போய்ச் சொல், அதற்கு அடுத்தவளிடமும் சொல் என்றா? பதினாறு வாளி வெந்நீர். கேட்ட அந்த நிமிஷத்திலேயே அது விலையாகிவிடும். அவள் அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை. அப்படி நினைக்கவில்லை என்பதை இனிமேல் எப்படிச் சொல்வது?

"நாளைக்குத் தண்ணி..." என்றாள். "சீக்கிரம் வா."

"சரிக்கா."

மாடியேறும்போது அலாரத்துக்கு மூச்சு வாங்கியது. வாளி எதுவும் இல்லாமலே.

காலையில் போர்டில் ஒரு தாள் இருந்தது. 23-ஆ கட்டில் காத்திருப்போர் பட்டியலில் முதலாமவருக்கு ஒதுக்கப்பட்டது. கீழே பெற்றுக்கொண்டதற்கு வெயிட்டிங்கின் கையெழுத்து. மை நன்றாகக் காய்ந்திருந்தது. ஆறு மணிக்கே போட்டிருக்க வேண்டும்.

இருபத்து நான்காம் அறையில் ஒருத்தி இருந்தாள், ரேடியோ. விடுதியில் எது நடந்தாலும் அவள் வாயில்தான் முதலில் ஒலிபரப்பாகும். அவள் போர்டின் முன்னால் நின்று வாசித்தாள். பிறகு அலாரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டினாளாம். தினம் குளிக்க வச்சு, தலை துவட்டி, கடைசியில கட்டிலையும் கொடுத்துட்டியா? போற போக்கில தலையணையையும் உறை மாத்திக் கொடு."

"சும்மா இருடி."

"நான் சும்மாத்தான் இருக்கேன். ஊரே பேசுது."

ஊர் என்றால் அவள் ஒருத்திதான். ஆனாலும் தைத்தது. சீக்கிரம் வா என்று சொல்லியிருந்தும், அன்று 23-ஆ வாளியைத் தூக்க மனம் வராமல் அலாரம் ஒரு வாளி மட்டும் எடுத்துப் போயிருந்தாள். வார்டன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. அவள் பாதியோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டாள்.

வெயிட்டிங் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், என்று நினைத்தாள். 'அக்கா, எடுத்துக்கவா?' ஒரே ஒரு வார்த்தை. பிறகு நினைத்தாள், நான் கேட்டேனா?

மாலையில் வெயிட்டிங் வந்தாள். ஒரு பெட்டி, ஒரு பாய், துணி மூட்டை ஒன்று. அலாரம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அலமாரியில அவ சாமான் இருக்கு. காலி பண்ணணும்னா பண்றேன்."

"வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."

வெயிட்டிங் பெட்டியை ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். பாயை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் சுவரோரம் நிறுத்தினாள். கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். இருபது நாளாகக் கிடக்கிறது. அதை மடித்து ஆமையின் தலையணை மேல் வைத்தாள்.

"எத்தனை நாள்க்கா?"

"எது?"

"அவங்க வர."

அலாரம் புத்தகத்தை மூடினாள்.

"அஞ்சு."

"அப்ப அஞ்சு நாள் கட்டில்ல படுத்துக்கறேன். முதுகு கேட்குது. அப்புறம் பாய் இருக்கு."

அலாரத்துக்குப் புரியவில்லை. புரிந்தது போலவும் இருந்தது. வெயிட்டிங் தரையில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னா ரெண்டாவது ஆளு வந்து உட்காருவா. அவ எழுந்திரிப்பாளா? வேணும்னு நான் சொன்னாத்தான் கட்டில் இந்த ரூம்லயே இருக்கும். மூணு நாளா யோசிச்சேன். வேற வழி தெரியல."

"மூணு நாளா? உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும்க்கா. பதினஞ்சு நாள் ரூல் இந்த ஹாஸ்டல்ல என்னை விட யாருக்கு மனப்பாடம்? வாளியில 23-ஆன்னு போட்டிருக்கு. வாளி வருது, ஆளு வரல. கட்டில்ல போர்வை கலையல."

"தெரிஞ்சும் வார்டன்கிட்ட ஏன் சொல்லல?"

வெயிட்டிங் கொஞ்சம் யோசித்தாள்.

"வெந்நீர் நல்லா இருந்துச்சு" என்றாள்.

அலாரம் சிரிக்க நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்து பெட்டி ரூமுக்கு வந்தீங்கல்ல. கேட்கப் போறீங்கன்னு பார்த்தேன்."

"கேட்க முடியல."

"அதான் தெரிஞ்சுதே. தண்ணின்னு சொல்லிட்டு ஓடிட்டீங்க. பதினாறு நாளா வர்ற தண்ணி நாளைக்கு வரும்னு சொல்றதுக்கு மாடியிலேர்ந்து இறங்கி வருவாங்களா யாராவது?"

அன்று மாலை அலாரம் ஆமைக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"அப்ப இப்ப என் கட்டில் என் பேர்ல இல்லை."

"இல்லை."

"அப்பா நேத்துதான் கேட்டார். கட்டில் இருக்கான்னு. இருக்குப்பான்னு சொன்னேன். அது பொய்யா?"

"பொய் இல்லை. இருக்கு. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"யார் பேர்லன்னு கேட்டா?"

"கேட்டாரா?"

"கேட்கல."

"கேட்காததுக்கு நீ ஏன் பதில் தேடற?"

ஆமை சிரித்தாள். இருபது நாளில் முதல் சிரிப்பு. பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எப்படி?"

"பஸ்ல நின்னுகிட்டே தூங்குவாளாம்."

"அய்யோ பாவம். ஜன்னல்?"

"செருப்பு அங்கேயே இருக்கு."

"சரி" என்றாள் ஆமை. "சரி, வச்சிடறேன். அம்மா கூப்பிடறாங்க."

வெயிட்டிங் ஐந்து நாளும் கட்டிலில் படுத்தாள். முதல் நாள் சுவரோரம் ஒடுங்கிப் படுத்தாள். மூன்றாம் நாள் கையைக் காலை நீட்டிவிட்டாள். கல்லூரியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் தூங்குவாள். நான்கு மாதத் தூக்கம் பாக்கி இருந்தது. அலாரம் அப்போது பேனாவைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். அந்த அறையில் அவள் அப்படி இருந்ததே இல்லை என்று ரேடியோ ஒலிபரப்பினாள்.

இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் அலாரம் வகுப்பு முடிந்து வந்தபோது கதவு சாத்தியிருந்தது. மெதுவாகத் தள்ளினாள்.

வெயிட்டிங் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே, தரையில், தன் கட்டில் காலிலேயே சாய்ந்துகொண்டு ஆமை உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. இளைத்திருந்தாள். கையில் ஊசி போட்டது போல ஒரு பிளாஸ்திரி.

அலாரம் வாயைத் திறந்தாள். ஆமை உதட்டில் விரலை வைத்தாள்.

"எப்ப வந்த?" அலாரம் கிசுகிசுத்தாள்.

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே."

"நல்லாத் தூங்கறா. நான் அவசரப்பட்டு எதைப் பண்ணியிருக்கேன்?"

அலாரம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கையில என்ன?"

"ரத்தம் கொடுத்தேன். அம்மாவுக்கு இல்லை, பக்கத்துப் பெட் ஆயாவுக்கு. சும்மாத்தானே உட்கார்ந்திருக்கேன்னு கேட்டாங்க."

ஆமையின் தலை அலாரத்தின் தோளில் சாய்ந்தது. தலையில் ஆஸ்பத்திரி வாசனை இருந்தது.

"குளிக்கணும்டி" என்றாள் ஆமை. "இருபத்தஞ்சு நாளா அஞ்சு நிமிஷத்துல குளிக்கிறேன். வெளிய ஆளு நிக்குதுன்னு."

கட்டிலில் வெயிட்டிங் கண் விழித்தாள். ஆமையைப் பார்த்தாள். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க... மன்னிச்சுக்குங்க, இதோ..."

"படும்மா. உன் பேர்ல இருக்கற கட்டில்."

"இல்லக்கா, பாய் இருக்கு" என்று வெயிட்டிங் இறங்கினாள். இறங்கியவள் போர்வையை மடித்தாள். அதன் மேல் துண்டை எடுத்து வைத்தாள். "துண்டு காஞ்சிடுச்சு" என்றாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மூவரும் இறங்கினார்கள். சிக்கல் ஒன்று இருந்தது. ஆட்கள் மூன்று பேர், வாளிகள் இரண்டு. பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றாள் வெயிட்டிங். ஆமை பாதி வாளியில் குளித்து முடிப்பதை உலகம் பார்த்ததில்லை என்றாள் அலாரம்.

பாய்லர்காரர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பழைய வாளி ஒன்று அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டை அடைத்தது. அதைக் காலால் அவர்கள் பக்கம் தள்ளினார்.

சிவப்புப் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. 23-இ.

"தொடாதீங்க, கையில ஒட்டும்" என்றார். "எழுத்தைப் பார்க்காதீங்க. குளிர்ல கை நடுங்கிடுச்சு."

அலாரம் தன் வாளியை முதலில் வைத்தாள். அதை ஒட்டி வெயிட்டிங்கின் வாளி. ஆமை தன் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கோடிக்கு நடந்தாள். அங்கே இன்னும் யாரும் இல்லை. சுவரோரம் வைத்தாள். முன்னால் அறுபது வாளிகளுக்கு இடம் விட்டு.

ஆறு மணிக்கு வார்டன் வந்து படியில் உட்கார்ந்தார். வாளிகள் நகர்ந்தன. பேனா அசைந்தது. 23-இ வந்தபோது நின்றது.

"அந்த ரூம்ல ரெண்டு கட்டில்தானே?" என்றார், பாய்லர்காரரிடம்.

"ஆமாங்க மேடம்."

"இது என்ன?"

"பெயிண்ட் மிச்சம் இருந்துச்சுங்க மேடம்."

வார்டன் நோட்டைப் பார்த்தார். இருபத்து மூன்றுக்கு நேராக இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மூன்றாவதற்கு இடம் இல்லை. அவர் டீயைக் குடித்தார். ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். கடைசி வாளி நிரம்பும் வரை நோட்டை மூடவில்லை.

ஏழு மணிக்குக் குழாயை மூடினார்கள். ஏழே முக்காலுக்கும் மாடிக் குளியலறையின் ஒரு கதவு சாத்தியே இருந்தது.

ரேடியோ கதவைத் தட்டினாள்.

"யாரு உள்ள? இன்னும் எவ்வளவு நேரம்?"

உள்ளே குவளை நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.